மேய்ச்சல் நிலமும் கால்நடை நோய்களும்: மேய்ப்பர் அறிவு அறிவியலான வரலாறு

கால்நடைகளைத் தாக்கும் நோய்களில் சில ஒரு விலங்கிலிருந்து மற்றொரு விலங்குக்கு நேரடியாகத் தொற்றுகின்றன. வேறு சில நிலத்தின் வழியாக வருகின்றன. நோயுற்ற விலங்கு மேய்ந்த இடத்தில், அல்லது இறந்து கிடந்த இடத்தில், வாரங்களோ மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து வேறொரு விலங்கு மேய்கிறது. அதுவும் நோயில் விழுகிறது. இரண்டு விலங்குகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இடையில் இருந்தது நிலம் மட்டுமே.

ஆடுகளின் கல்லீரல் தட்டைப்புழு நோய், அடைப்பான் நோய், மாடுகளின் உண்ணிக்காய்ச்சல் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. முதலாவது ஒட்டுண்ணிப் புழுவால் வருவது. இரண்டாவது பாக்டீரியாவால் வருவது. மூன்றாவது, இரத்தத்தில் வாழும் ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கால்நடை வளர்ப்போரை ஏழைகளாக்கிய இம்மூன்று நோய்களின் புதிரும் 1876 முதல் 1893 வரையிலான 17 ஆண்டுகளுக்குள் விடுபட்டது.

இந்த மூன்று வரலாறுகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நோய் எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில் வரும் என்பதை மேய்ப்பர்களும் உழவர்களும் முன்பே அறிந்திருந்தார்கள். எப்படி வருகிறது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதைக் கற்றவர்கள் சிலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். சிலர் அதையே சோதனைக்கு எடுத்துக்கொண்டனர். விடை கண்டவர்கள் இரண்டாம் வகையினரே.

ஈர நிலமும் ஈரல் புழுவும்

கல்லீரல் தட்டைப்புழு இலை வடிவம் கொண்டது; இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆடு, மாடுகளின் பித்தநாளங்களில் வாழும். இப்புழு மிகுந்த ஆடு இரத்தம் குன்றி மெலியும், தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கும், இறுதியில் இறந்துவிடும். அறுத்துப் பார்க்கும் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடிய புழு என்பதால், ஐரோப்பியர் நெடுங்காலம் முன்பே இதை அறிந்திருந்தனர். 1379-இல் பிரான்சு நாட்டில் ஜான் தெ பிரீ என்பவர் மேய்ப்பர்களுக்காக எழுதிய நூலில் ஆடுகளின் ஈரல் நோய் பேசப்படுகிறது.

புழு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம் இருந்தது. சதுப்பு நிலத்தில் வளரும் சில பூண்டுகளைத் தின்பதால் நோய் வருகிறது என்று பலர் நம்பினர். இங்கிலாந்தில் 1523-இல் வெளிவந்த பிட்சர்பெர்ட்டின் வேளாண்மை நூல் அத்தகைய பூண்டுகளோடு வெள்ளை நத்தைகளையும் ஆடுகளுக்கு ஆகாதவை என்று சேர்த்துச் சொல்கிறது. நத்தைக்கும் நோய்க்கும் உள்ள உறவு உறுதிப்பட மேலும் 350 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசுகூட, இப்புழு நீரில் தனித்து வாழும் ஒருவகை அட்டை என்றும், ஆடு தண்ணீர் குடிக்கும்போது தற்செயலாக உள்ளே போகிறது என்றும் கருதினார்.

மேய்ப்பர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. தாழ்வான ஈர நிலத்தில் ஆடு மேய்ந்தால் நோய் வரும், மேட்டு நிலத்தில் மேய்ந்தால் வராது, கடலோர உப்புச் சதுப்பில் மேய்ந்தாலும் வராது என்று அவர்கள் கண்டிருந்தனர். நோய் தொற்றிய தொடக்கத்தில் ஆடு சிறிது காலம் கொழுப்பதுபோல் தோன்றும் என்பதும் அவர்களிடையே வழங்கிய செய்தி. 18-ஆம் நூற்றாண்டில் ஆட்டினங்களை மேம்படுத்திப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. இறைச்சிக்காகத் தாம் விற்கும் ஆடுகளைக் கொண்டு பிறர் தம் இனத்தைப் பெருக்கிவிடக் கூடாது என்பதற்காக, மேய்ச்சல் நிலத்தில் நீரைப் பாய்ச்சி, அதில் அவற்றை மேயவிட்டு நோய் வரவழைத்த பிறகே விற்றாராம். ஈரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு வணிகத் தந்திரமாகும் அளவுக்குத் தெளிவாக இருந்ததை இது காட்டுகிறது.

1879-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் மழை விடாது பெய்தது. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் ஆடுகள் தட்டைப்புழு நோயால் மாண்டன. ஏற்கெனவே விளைச்சல் பொய்த்திருந்த உழவர்களுக்கு இது பேரிழப்பு. இங்கிலாந்தின் அரச வேளாண்மைக் கழகம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. ஆக்சுபோர்டு பேராசிரியர் ஜார்ஜ் ரோல்சுடனின் பரிந்துரையால், அங்கே பணியாற்றிய அல்ஜெர்னன் தாமஸ் என்ற இளைஞரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது.

தட்டைப்புழுவின் உறவினப் புழுக்கள் சில தம் வாழ்வின் ஒரு பகுதியை நத்தைகளுக்குள் கழிக்கின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. 1842-இல் டென்மார்க்கின் ஸ்டீன்சுட்ரப் இத்தகைய உருமாற்றங்களைத் தொகுத்து விளக்கியிருந்தார். ஆட்டின் தட்டைப்புழுவுக்கு இடம் தரும் நத்தை எது என்பதே கேள்வி. தாமஸ் ஐயப்பட்ட நத்தை, சேற்றில் வாழும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சிறு நத்தை. அவர் தேடிய வேளையில் அது போதிய அளவில் கிடைக்கவில்லை. 1882 சூலையில் ஆக்சுபோர்டு வழியே ஓடும் ஆறு பெருக்கெடுத்தபோது வெள்ளம் அந்த நத்தைகளை ஏராளமாகக் கொண்டுவந்து சேர்த்தது. புழுவின் முட்டையிலிருந்து வெளிவந்த இளம் உயிரியை அந்த நத்தைகளுக்குள் நுழையச் செய்து, அது வளர்வதைத் தாமஸ் படிப்படியாகக் கண்டார். செருமனியின் லைப்சிக் நகரில் ருடால்ஃப் லாய்க்கார்ட் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். இருவரின் கட்டுரைகளும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன.

நோய்ச்சுழற்சி இவ்வாறு தெளிவாயிற்று. ஆட்டின் சாணத்தோடு வெளிவரும் முட்டை நீரில் பொரிக்கிறது. அதிலிருந்து வரும் நுண்ணிய உயிரி ஒரு நாளுக்குள் தக்க நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே புக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். நத்தைக்குள் அது பல தலைமுறைகளாகப் பெருகுகிறது. ஒன்றாகப் புகுந்தது நூற்றுக்கணக்காக வெளிவந்து, நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை ஆடு மேயும்போது கூடு குடலில் உடைகிறது. இளம்புழு குடற்சுவரைத் துளைத்து ஈரலை அடைந்து, சில வாரங்கள் அதைக் குடைந்து திரிந்தபின் பித்தநாளத்தில் தங்குகிறது. கூட்டை விழுங்குவதாலேயே விலங்குக்கு நோய் வருகிறது என்ற கடைசிக் கண்ணியை 1890-களின் தொடக்கத்தில் அவாய்த் தீவுகளில் ஆய்ந்த அடால்ஃபோ லூட்சு உறுதிசெய்தார்.

மேய்ப்பர்கள் ஈரம் என்று சொன்னது நத்தையின் வீடு. உப்புச் சதுப்பு பாதுகாப்பானது என்றது, அந்த நத்தை உப்பு நீரில் வாழாது என்பதன் மறுவடிவம். பழைய நூல்கள் குற்றம் சாட்டிய பூண்டுகள் நோயை உண்டாக்கவில்லை. நத்தை வாழும் அதே ஈரத்தில் அவையும் வளர்ந்தன, அவ்வளவே. தீர்வும் இங்கிருந்தே பிறந்தது. வடிகால் வெட்டி நிலத்தை உலரவைப்பது, குளம்பு பதிந்து நீர் தேங்கும் சேற்றுப் பகுதிகளுக்கு வேலியிடுவது, மழைக்காலத்தில் ஆட்டை மேட்டுக்கு ஓட்டுவது ஆகியவை நோயைக் குறைத்தன.

சபிக்கப்பட்ட வயல்கள்

அடைப்பான் நோய் இதைவிட வேகமானது. மாலையில் நன்றாக மேய்ந்த ஆடு காலையில் இறந்து கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். வயிறு உப்பும். அறுத்தால் மண்ணீரல் பெருத்துக் கறுத்திருக்கும். ஒவ்வொரு மொழியும் தான் கண்ட அடையாளத்தால் இதற்குப் பெயர் வைத்தது. பிரெஞ்சு மொழியில் இதன் பெயர் கரி என்று பொருள்படும். செருமன் பெயர் மண்ணீரல் எரிவு என்று பொருள்படும். ஆந்த்ராக்சு என்ற உலகப் பெயரும் கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே. நோய் மனிதரின் தோலைத் தொற்றும்போது உண்டாகும் கரும்புண்ணே அதற்குக் காரணம்.

பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள போசு சமவெளி ஆடு வளர்ப்புக்குப் பெயர்போனது. அங்கே சில வயல்களை உழவர்கள் சபிக்கப்பட்ட வயல்கள் என்று அழைத்தனர். அவற்றில் மேயும் மந்தையில் ஆண்டுதோறும் சாவு விழும். சில ஆண்டுகள் சும்மா விட்டு மீண்டும் மேய்த்தாலும் நோய் திரும்பி வரும். பக்கத்து வயலில் ஒன்றும் நேராது.

நோயுற்ற விலங்கின் இரத்தத்தில் நுண்ணோக்கியால் மட்டுமே காணக்கூடிய கோல் வடிவப் பொருள்கள் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செருமனியின் போலந்தரும், பிரான்சின் ரேயரும் தவேனும் கண்டனர். 1863-இல் தவேன் இக்கோல்களே நோய்க்குக் காரணம் என்று வாதிட்டார். எதிர்வாதம் வலுவாக இருந்தது. கோல்கள் உடலுக்கு வெளியே சில நாள்களில் அழிந்துவிடும். அப்படியானால் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த வயலில் நோய் எப்படி மீண்டும் வருகிறது? கிருமிக் கொள்கைக்குத் தடையாக நின்ற கேள்வி உழவர்களின் அனுபவத்திலிருந்தே எழுந்தது.

விடையைக் கண்டவர் ராபர்ட் கோக். அவர் அப்போது பல்கலைக்கழக ஆய்வாளர் அல்லர். இன்று போலந்தில் உள்ள வோல்சுடின் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்தார். வீட்டிலேயே ஒரு பகுதியை ஆய்வுக்கூடமாக்கி, மரச் சிராய்களால் எலிகளுக்கு நோயேற்றினார். மாட்டுக் கண்ணின் தெளிந்த நீரில் ஒரு துளியை எடுத்து, அதில் கோல்களை வளர்த்து, நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்காகக் கவனித்தார். கோல்கள் நீண்டு நூல்களாயின. பிறகு அந்நூல்களுக்குள் மணிகளைப் போல ஒளிரும் வித்துகள் தோன்றின. அவ்வித்துகள் உலர்ந்தாலும் சாகவில்லை. மீண்டும் தக்க சூழலில் இட்டபோது கோல்களாக முளைத்தன. எலிக்குச் செலுத்தியபோது நோய் தந்தன.

1876 ஏப்ரல் இறுதியில் கோக் பிரெசுலாவு நகருக்குச் சென்று தாவரவியலாளர் பெர்டினாண்ட் கோன் முன்னிலையில் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். அவ்வாண்டே கட்டுரை கோனின் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரி ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்பதற்கு, அந்நுண்ணுயிரியின் முழு வாழ்க்கைச் சுழற்சியோடு காட்டப்பட்ட முதல் சான்று அது. மனித நோய்கள் பலவற்றின் கிருமிகளைக் கண்டறிய வழிகாட்டிய முறை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் நோயிலிருந்தே தொடங்கியது.

வித்து நிலத்தில் கிடக்கிறது என்றால் குறிப்பிட்ட வயல்களில் மட்டும் ஏன்? 1878 முதல் லூயி பாஸ்டர், சாம்பர்லான், ரூ ஆகியோருடன் போசு பகுதியின் சார்த்ர் நகரருகே ஆய்வு நடத்தினார். அடைப்பானால் இறந்த ஆடுகளைப் புதைத்த இடங்களின் மேல்மண்ணில் நோய் தரும் வித்துகள் இருந்தன. அங்கே மண்புழுக்கள் வெளியேற்றிய மண் உருண்டைகளைச் சோதித்தபோது அவற்றிலும் வித்துகள் கிடைத்தன. புதைத்த உடலிலிருந்து வித்துகளை மண்புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று 1880-இல் பாஸ்டர் அறிவித்தார். மண்புழுவின் பங்கைக் கோக் ஏற்கவில்லை. இருவருக்கும் இடையே கடுமையான வாக்குவாதம் மூண்டது. மண்புழுவைப் பற்றி எது சரியாயினும், சபிக்கப்பட்ட வயல் என்பது இறந்த ஆட்டை முன்பு புதைத்த வயல் என்பது தெளிவாயிற்று.

பூய்லி-ல-ஃபோர் சோதனையும் அதன் மறுபக்கமும்

அடுத்த படி தடுப்பூசி. துலூசு நகரின் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஆன்ரி துசேன் 1880-இல் அடைப்பான் இரத்தத்தைச் சூடேற்றியும் கார்பாலிக் அமிலம் சேர்த்தும் ஆடுகளுக்குத் தடுப்பாற்றல் தர முடியும் என்று காட்டினார். பாஸ்டர், காற்றுப்பட்டு வலுவிழந்த உயிருள்ள கிருமியே சிறந்தது என்று நம்பி அவ்வழியில் முயன்றுகொண்டிருந்தார். ரோசிஞோல் என்ற கால்நடை மருத்துவர் பொதுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். பாரிசுக்குத் தென்கிழக்கே பூய்லி-ல-ஃபோர் என்னுமிடத்தில் இருந்த அவருடைய பண்ணையே களமாயிற்று.

1881 மே 5-ஆம் நாள் 24 செம்மறியாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் 6 மாடுகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. மே 17-இல் இரண்டாம் ஊசி. தடுப்பூசி போடாத 24 செம்மறிகளும் ஒரு வெள்ளாடும் 4 மாடுகளும் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டன. மே 31-இல் எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள அடைப்பான் கிருமி செலுத்தப்பட்டது. சூன் 2-இல் மக்கள் திரண்டபோது தடுப்பூசி பெற்ற ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. தடுப்பூசி பெறாத வெள்ளாடும் பெரும்பாலான செம்மறிகளும் இறந்து கிடந்தன. எஞ்சியவை அன்று முடிவதற்குள் இறந்தன. ஒப்பீட்டு மாடுகள் வீங்கிக் காய்ச்சலுற்றாலும் பிழைத்தன. இச்செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் பிரான்சில் இலட்சக்கணக்கான ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போடப்பட்டது.

பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் 1970-களில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு மற்றொரு செய்தி வெளிப்பட்டது. அன்று பயன்பட்டது, காற்றால் வலுவிழக்கச் செய்ததாகப் பாஸ்டர் பேசிவந்த தடுப்பூசி அன்று. அது சாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட்டு என்ற வேதிப்பொருளைக் கொண்டு ஆக்கிய தடுப்பூசி. துசேனின் வேதிமுறைக்கு நெருக்கமானது. அறிவியல் வரலாற்றாசிரியர் ஜெரால்டு கைசன் 1995-இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக எடுத்துக்காட்டியது. துசேன் உரிய புகழைக் காணாமலே 1890-இல் இறந்தார். ஆடுகள் பிழைத்தது உண்மை. அந்த வெற்றியில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்ற கணக்குத்தான் நூறாண்டு கழித்துத் திருத்தப்பட்டது.

பாஸ்டர் முறைத் தடுப்பூசியின் வலு சீராக இல்லை. சில மந்தைகளில் ஊசியாலேயே ஆடுகள் இறந்தன. தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்சுட்பூர்ட்டு ஆய்வு நிலையத்தில் மேக்சு ஸ்டெர்ன் 1930-களின் இறுதியில் மேலுறை இல்லாத ஓர் அடைப்பான் வகையைப் பிரித்தெடுத்தார். அது நோய் தராது. ஆனால் தடுப்பாற்றல் தரும். இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் கால்நடைகளுக்குப் போடப்படுவது அவ்வகையைச் சேர்ந்த வித்துத் தடுப்பூசியே.

வித்துகளின் நீண்ட ஆயுளை 20-ஆம் நூற்றாண்டு மேலும் கசப்பாக உணர்த்தியது. 1942-இல் பிரித்தானியப் படைத்துறை ஸ்காட்லாந்தின் குருனார்டு தீவில் அடைப்பான் வித்துக் குண்டுகளை ஆடுகளின்மேல் சோதித்தது. 1986-இல் மண்ணை வேதிப்பொருளால் தூய்மைப்படுத்தி, 1990-இல் பாதுகாப்பானது என அறிவிக்கும்வரை அத்தீவு மனிதர் கால் வைக்கக்கூடாத இடமாக இருந்தது. உருசியாவின் யமால் தீவக்குறையில் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவது 2007-இல் நிறுத்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் கடுங்கோடையில் உறைமண் உருகியபோது அங்கே 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் அடைப்பானால் மாண்டன. ஒரு சிறுவனும் உயிரிழந்தான்.

டெக்சஸ் மாடுகளும் வடநாட்டுச் சாவும்

மூன்றாம் வரலாறு அமெரிக்காவைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் டெக்சஸ் பகுதியின் நீள்கொம்பு மாடுகள் விற்பனைக்காக வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. அம்மாடுகள் நோயின்றி நன்றாக இருந்தன. ஆனால் அவை கடந்து சென்ற நிலத்தில் சில வாரங்கள் கழித்து மேய்ந்த வடநாட்டு மாடுகள் கடுங்காய்ச்சல் கண்டன, சிறுநீர் செந்நிறமாயிற்று, கூட்டம் கூட்டமாக இறந்தன. 1850-களிலேயே மிசூரி உழவர்கள் துப்பாக்கியுடன் வழிமறித்து டெக்சஸ் மந்தைகளைத் திருப்பி அனுப்பினர். 1868-இல் தொடர்வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்ட மாடுகளால் இல்லினாய், இந்தியானா மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன.

நலமான மாடு எப்படி நோயைக் கொண்டுவரும் என்பது டெக்சஸ் வணிகர்களின் கேள்வி. அவர்களைப் பொறுத்தவரை இது வடநாட்டாரின் பொறாமை. வடநாட்டு உழவர்களோ கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். தென்னாட்டு மாடுகளின் உடலில் உண்ணிகள் மொய்க்கின்றன. நோய் வந்த மாடுகளின் மேலும் அதே உண்ணிகள் உள்ளன. கடும்பனி விழுந்ததும் நோய் நின்றுவிடுகிறது. உண்ணிதான் காரணம் என்ற இக்கருத்தை 1868-இல் ஆய்வுக்கு வந்த புகழ்பெற்ற கால்நடை மருத்துவர் ஜான் கேம்ஜீ ஏற்கவில்லை. கற்றவர்கள் பலருக்கும் அது சிரிப்புக்குரியதாகவே இருந்தது.

1884-இல் அமெரிக்க வேளாண் துறையில் கால்நடைத் தொழிற்பிரிவு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டேனியல் சால்மன் நோய் நிலையாக உள்ள தென்பகுதிக்கும் நோயில்லாத வடபகுதிக்கும் இடையே எல்லைக்கோடு வகுத்தார். அங்கே பணியாற்றிய தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன், கூப்பர் கர்டிஸ் ஆகியோர் உழவர்களின் சொல்லை நேரடிச் சோதனைக்கு உட்படுத்தினர்.

1889 கோடையில் தொடங்கிய சோதனை மிக எளிமையானது. ஒரு வேலிக்குள் உண்ணி உள்ள தென்னாட்டு மாடுகளும் வடநாட்டு மாடுகளும் சேர்த்து விடப்பட்டன. மற்றொரு வேலிக்குள் தென்னாட்டு மாடுகளின் உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, அவற்றுடன் வடநாட்டு மாடுகள் விடப்பட்டன. வேறொரு வேலிக்குள் தென்னாட்டு மாடே இல்லை. புல்லில் உண்ணிகள் மட்டும் தூவப்பட்டன. முதல் வேலியில் நோய் வந்தது. உண்ணி பிடுங்கிய வேலியில் வரவில்லை. உண்ணி மட்டும் தூவிய வேலியில் வந்தது. மாடு நோயைக் கொண்டுவரவில்லை. மாட்டின் மேலிருந்த உண்ணியே கொண்டுவந்தது.

நோயுற்ற மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாக இருந்த ஓரணு ஒட்டுண்ணியையும் ஸ்மித் கண்டார். இத்தகைய உயிரியை 1888-இல் உருமேனியாவின் விக்டர் பாபேசு மாட்டிரத்தத்தில் கண்டிருந்ததால் பின்னாளில் அதற்குப் பபேசியா என்ற பெயர் நிலைத்தது. ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து பொரித்த, எந்த மாட்டையும் அதுவரை கடிக்காத இளம் உண்ணிகளும் நோயைத் தந்தன. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாக ஒட்டுண்ணி குஞ்சுகளுக்குச் செல்கிறது என்பது இதன் பொருள். மந்தை கடந்துபோன பல வாரங்களுக்குப் பிறகே நோய் தோன்றும் புதிரும் இதனால் அவிழ்ந்தது. கீழே விழுந்த தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, அவை பொரித்து, குஞ்சுகள் புல்லில் ஏறிக் காத்திருக்க அத்தனை நாள் தேவைப்பட்டது. தென்னாட்டு மாடுகள் கன்றுப் பருவத்திலேயே இந்நோயை இலேசாகக் கண்டு தடுப்பாற்றல் பெற்றவை. அதனால்தான் அவை நலமாக இருந்தன.

1893-இல் ஸ்மித்தும் கில்போர்னும் வெளியிட்ட அறிக்கை, ஓரணு ஒட்டுண்ணி ஒன்றைப் பூச்சியினத்தை ஒத்த ஓர் உயிரி பரப்புகிறது என்பதைச் சோதனையால் நிறுவிய முதல் ஆய்வாகும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1897-இல், செகந்திராபாத்தில் ரொனால்டு ராசு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். கடிக்கும் சிற்றுயிர் நோயைச் சுமக்க முடியும் என்பது அதற்குள் மாட்டுக்கொட்டிலில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது.

தீர்வும் எதிர்ப்பும்

காரணம் தெரிந்தபின் உண்ணியை ஒழிக்கும் பணி 1906-இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் தொடங்கியது. ஆர்செனிக் கலந்த நீர் நிரம்பிய தொட்டிகளில் மாடுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்கி எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெரும்பண்ணைகளுக்கு இது இலாபம். வடக்குச் சந்தை அவர்களுக்குத் திறந்தது. ஓரிரு மாடுகளை வைத்திருந்த சிறு உழவர்களுக்கோ வேலைநாள் இழப்பும் செலவும் மட்டுமே மிஞ்சின. தங்கள் மாடு சாகவில்லையே, ஏன் முக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். பல இடங்களில் தொட்டிகள் இரவோடிரவாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மெக்சிகோ எல்லையோரக் குறுகிய பகுதி நீங்கலாக உண்ணி ஒழிக்கப்பட்டதாக அறிவிக்க 1943 வரை ஆயிற்று.

உழவர் சொல்லைக் கேட்டதால் தொடங்கிய ஆய்வு, நடைமுறைக்கு வந்தபோது உழவர் சொல்லைக் கேட்கத் தவறியதன் விளைவு இது. அறிவியல் சரியாகவே இருந்தது. அதன் செலவை யார் சுமப்பது என்பதுதான் தீர்க்கப்படாமல் விடப்பட்டது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் கால்நடை நோய் ஆய்வுக்காகப் புனேயில் 1889-இல் தொடங்கப்பட்ட நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் 1893-இல் இமயமலைப் பகுதியின் முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. அதுவே இன்றைய இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம். தமிழகத்தில் 1932-இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், அடைப்பான் வித்துத் தடுப்பூசி உள்ளிட்ட மருந்துகளை உருவாக்கி வழங்கிவருகிறது. முன்பு அடைப்பான் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் தடுப்பூசி போடும் நடைமுறை, சபிக்கப்பட்ட வயல்கள் தந்த பாடத்தின் தொடர்ச்சியே.

மூன்று நோய்களும் இங்கே இன்றும் உள்ளன. ஈரல் புழுவில் இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது ஐரோப்பிய வகையைவிடப் பெரிய மற்றொரு வகை. குளம், வாய்க்கால், வயல்களில் வாழும் நத்தைகள் அதற்கு இடம் தருகின்றன. உண்ணிக்காய்ச்சலில் டெக்சஸ் கதை தலைகீழாக நிகழ்கிறது. திமில் கொண்ட நாட்டு மாடுகள் உண்ணியைப் பெருமளவு தாங்கும் இயல்புடையவை. அதிகப் பாலுக்காகக் கொண்டுவரப்பட்ட செர்சி, ஃபிரீசியன் கலப்பினங்கள் உண்ணிக்கும் அது தரும் நோய்க்கும் எளிதில் இரையாகின்றன. கலப்பினப் பசுவின் சிறுநீர் காப்பி நிறமானால் உண்ணிக்காய்ச்சலை ஐயப்பட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அடைப்பானைப் பொறுத்தவரை முதல் விதி, ஐயத்துக்குரிய முறையில் திடீரென இறந்த விலங்கை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது என்பது. உடலைத் திறந்தால் இரத்தம் காற்றுப்பட்டு வித்துகள் உருவாகின்றன. அவ்விடம் பல்லாண்டுகளுக்கு நோய்நிலமாகிறது. உடலை எரிப்பது நல்லது. இயலாவிட்டால் நீர்நிலைக்கும் மேய்ச்சலுக்கும் தொலைவில் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். வறுமையால் இறந்த ஆட்டைக் கறியாக்கும் குடும்பங்களிலும், மலிவு விலைக்கு அதை வாங்குவோரிடமும் நோய் மனிதரைத் தொற்றுகிறது. இழப்பீடு கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோது இவ்விதியைக் காப்பது கடினம் என்பதையும் நோய்த்தடுப்புத் திட்டங்கள் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

மருந்து மட்டும் போதாமை

மூன்று வரலாறுகளிலும் விலங்குக்கு மருந்து கொடுப்பது பாதி வேலையாகவே இருந்தது. ஈரல் புழுவுக்கு 1980-களில் வந்த டிரைகிளாபெண்டசோல் இளம்புழுக்களையும் கொன்றதால் பெரிதும் வரவேற்கப்பட்டது. 1990-களிலேயே ஆசுதிரேலியாவில் அதற்கு அடங்காத புழுக்கள் கண்டறியப்பட்டன. உண்ணிகளும் ஆர்செனிக் தொடங்கி அடுத்தடுத்து வந்த மருந்துகள் பலவற்றை எதிர்க்கப் பழகிவிட்டன. மருந்து தோற்கும்போது எஞ்சி நிற்பது நிலத்தைக் கையாளும் அறிவே. எந்தத் துறையில் நீர் தேங்குகிறது, எந்த மேட்டில் நத்தை இல்லை, எந்த இடத்தில் முன்பு ஆடு புதைக்கப்பட்டது, எந்த மாதத்தில் உண்ணி மிகும் என்பவற்றை அவ்வூரில் மேய்ப்பவரே நன்கு அறிவார். 1889-இல் மூன்று வேலிகள் போட்டுச் சோதிக்கப்பட்டதும் அத்தகைய ஓர் அறிவுதான்.